அவள் சேர்த்த எறி

பிப்ரவரி 12

புதிய பொறியாளர் வந்துவிட்டார். என் மனைவி உட்கார்ந்திருந்த நாற்காலியைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. வேறு நாற்காலி இல்லை. என்னைவிட நான்கு வயது மூத்தவர், வங்கி மென்பொருளிலிருந்து வந்தவர். நாங்கள் உருவாக்கிய நிரல் மொழியைப் பார்த்ததும் முதல் கேள்வி: "வேரியபிளே இல்லையே சார், எதை எதுல வச்சுக்கறது?"

எதிலும் வைத்துக்கொள்வதில்லை என்றேன். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே அடுக்கு. மூன்றை வை, நான்கை வை, 'கூட்டு' என்று எழுது. அது மேலே இருக்கும் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஏழை வைத்துவிட்டுப் போகும். ஒவ்வொரு கட்டளையையும் 'சொல்' என்போம். சொற்களை வரிசையாக எழுதினால் அதுவே நிரல். எங்கே வெட்டினாலும் இரண்டு துண்டும் தனித்தனி நிரல்தான். துண்டுக்கு ஒரு பெயர் வைத்தால் அது புதுச் சொல்.

இதை விளக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறும். இன்று ஏறவில்லை. இந்த மொழியை நானும் அவளும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து செய்தோம்.

பிப்ரவரி 13

வக்கீல் போன் செய்தார். ஏப்ரல் 9 விவாகரத்துக்கு இறுதிக் கையெழுத்து. "அதுக்குள்ள மனசு மாறினா ரெண்டு பேருமா வந்து வாபஸ் வாங்கிக்கலாம்."

என் மனசு மாற வேண்டியதே இல்லை. அவள்தான் போனாள்.

பிப்ரவரி 20

மாவு மில்லின் பாக்கெட் இயந்திரத்துக்கான நிரலைச் சுத்தம் செய்தேன். அதில் 'நிறு' நான் எழுதியது, எடை போடும். 'மூடு' அவள் எழுதியது, அந்த எடை சரியாக இருந்தால் பாக்கெட்டை ஒட்டும். ஒவ்வொரு சொல்லின் தலையிலும் அது அடுக்கிலிருந்து எத்தனை எடுக்கும், அதில் எத்தனை விட்டுச்செல்லும் என்று குறிப்பு உண்டு. என் 'நிறு' ஒன்றை விடும். அவள் 'மூடு' ஒன்றை எடுக்கும்.

ஆனால் 'மூடு'வின் கடைசியில் ஒரு 'எறி'! மேலே இருப்பதைத் தூக்கிப் போடும் சொல். எதைத் தூக்கிப் போட? அங்கேதான் ஒன்றும் இல்லையே? ஏழு வருஷமாக இது எப்படி ஓடியது? அதிர்ஷ்டம்.

எடுத்துவிட்டேன். இருபது பாக்கெட் ஓட்டிப் பார்த்தேன், கச்சிதம். அவள் பெயரைப் போட்டே எல்லோருக்கும் மெயில் அனுப்பினேன்: 'மூடு' சொல்லில் இன்னார் செய்த பிழை திருத்தப்பட்டது. பட்டியலில் அவள் முகவரியும் இன்னும் இருக்கிறது. தெரிந்தேதான் அனுப்பினேன். தப்பை ஒத்துக்கொள்ளத் தெரியாதவன் என்று சொல்லிவிட்டுத்தானே போனாள்?

பிப்ரவரி 21

அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். "உனக்கு அவ வேணுமா, இல்ல ஜெயிக்கணுமா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு" என்று போனை வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 24

மில் சூப்பர்வைசர் கத்துகிறார். "அறுபது பாக்கெட் ஓடுது சார், அப்புறம் பொசுக்குன்னு நிக்குது. அணைச்சுப் போட்டா மறுபடி அறுபது."

அடுக்கு நிரம்புகிறது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் யாரோ ஒன்றைக் கூடுதலாக விட்டுச் செல்கிறார்கள். யார்?

பிப்ரவரி 25

புதியவர் காகிதத்தில் கட்டம் கட்டமாகப் போட்டுப் பார்த்தார். சங்கடமாக நிமிர்ந்தார். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க 'நிறு' ரெண்டு விட்டுட்டுப் போகுதே?"

பிடுங்கிப் பார்த்தேன். 'படி இரட்டி தட்டு கழி.' மொத்த எடையைப் படி. அதற்கு நகல் எடு. வெறும் தட்டின் எடையை வை. கழி. மாவின் எடை மேலே வந்துவிட்டது — நகல் எடுத்த மொத்த எடை அடியிலேயே கிடக்கிறது. முன்பு அதைத் திரையில் காட்டினோம். திரை வேண்டாம் என்றானபோது காட்டும் பகுதியை எடுத்தேன், 'இரட்டி'யை எடுக்காமல் விட்டேன். நான்தான். கல்யாணமான வருஷம்.

நான் விட்ட குப்பையைத்தான் அவள் அந்த எறியால் அள்ளிப் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும். ஏழு வருஷம்.

'இரட்டி'யை எடுத்தேன். மில் ஓடுகிறது. எல்லோருக்கும் மெயில்: பிழை சரிசெய்யப்பட்டது. அவ்வளவுதான் எழுதினேன்.

பிப்ரவரி 26

அவளுக்குத் தனியாக எழுதினேன். தப்பு என்னுடையது, ஏன் அப்போதே சொல்லவில்லை?

பதில் உடனே வந்தது: "சொன்னேனே. 'என் சொல் சரி, உன் சொல்லப் பாரு'ன்னு திரும்பிக்கூடப் பாக்காம சொன்ன. அப்ப நமக்குக் கல்யாணமாகி மூணு மாசம். சண்டை வேணாம்னு எறியச் சேத்துட்டேன்."

எனக்கு ஞாபகமே இல்லை. கூசிப் போகிறது.

மார்ச் 1

கேட்டுவிட்டேன். மனுவை வாபஸ் வாங்கலாமா, வீட்டுக்கு வா என்று.

மார்ச் 2

பதில் இல்லை.

மார்ச் 3

இல்லை. பல் துலக்கும்போதும் போன் கையில்.

மார்ச் 6

வந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன்:

"நீ தப்புன்னு ஒத்துக்கிட்டத நாலு தடவ படிச்சேன். அழுதேன். அப்புறம் எல்லாருக்கும் போன மெயிலப் பாத்தேன். என் தப்புன்னப்ப என் பேரு இருந்துச்சு. உன் தப்புன்னப்ப யார் பேருமே இல்ல. நான் வரல."

என்ன மனுஷன்யா நான்.

மார்ச் 7

எல்லோருக்குமாக ஒரு புது மெயில் தட்டச்சு செய்தேன். என் பெயர் போட்டு. அனுப்பவில்லை. இப்போது அனுப்பினால் அவள் சொன்னதற்காக அனுப்பியது போல இருக்காதா? — பார், இப்போதும் கணக்குப் போடுகிறேன்.

மார்ச் 22

இன்னும் அனுப்பவில்லை.

ஏப்ரல் 9

கோர்ட்டில் பத்தரைக்குக் கூப்பிட்டார்கள், பதினொன்றுக்கு முடிந்தது. அவள் முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். படிக்கட்டில் நின்று, "மில் நல்லா ஓடுதா?" என்றாள்.

"ஓடுது."

"சாப்பிட்டுட்டுப் போ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், பேருந்தில் அழுதுவிட்டேன்.

நேராக அலுவலகம் வந்தேன். மில்லின் ஆட்கள், எங்கள் ஆட்கள், அதே பட்டியலுக்கு மெயில்: 'நிறு' சொல்லில் இருந்த பிழை என்னுடையது. 'மூடு' சொல்லில் பிழை எதுவும் இருக்கவில்லை. ஏழு ஆண்டுகளாக என் பிழையை அதுதான் தாங்கியது. கீழே என் பெயர். அனுப்பினேன்.

ஒரே ஒரு முகவரிக்கு மட்டும் போகாமல் திரும்பி வந்தது. அவளுடையது. போன மாதமே மூடிவிட்டாளாம்.

அவள் நாற்காலியில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "மெயில் வந்துச்சு சார்" என்றார்.