அட்டவணையில் எலும்பு இல்லை

ஷ்டைன்ஃபெல்ட் பண்ணை
4 மே 1996

அன்புள்ள அமாலியா,

பண்ணையில் நடப்பதையெல்லாம் உள்ளது உள்ளபடி எழுதுவேன் என்று நீ விடுதிக்குக் கிளம்பிய அன்று வாக்குக் கொடுத்தேன். கூட்டாமல், குறைக்காமல், எனக்குச் சாதகமாக ஒரு வரியும் சேர்க்காமல் எழுதப் போகிறேன். உன் அப்பாவுக்கு எழுதத் தெரியாது என்பதால் அவர் செய்திகளும் என் கடிதத்தில்தான் வரும். முதல் செய்தி: உன் ஆட்டுக்குட்டி நலம். அம்மாவின் கோசுப் பாத்திதான் நலமில்லை.

பெரிய செய்தி, வேட்டை விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் பழைய ஒன்பது-மூன்று துப்பாக்கியின் குழல் தேய்ந்துவிட்டது. அதே தோட்டாவுக்குப் புதுக் குழல் போடுவதா, இல்லை எட்டு-அறுபத்தெட்டு என்ற புதுத் துப்பாக்கியே வாங்குவதா என்று அப்பா ஒரு வாரமாக மீசையைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் பட்டியல்களைப் படித்து ஓர் அட்டவணை தயாரித்தேன். பழைய குண்டு பதினெட்டரை கிராம். கனம், ஆனால் மெதுவாகப் போகும், தூரத்தில் தாழ்ந்துவிடும். விருந்தாளிகள் சுட்டு மிருகங்கள் காலொடிந்து ஓடுவது அதனால்தான். புதிய குண்டு பன்னிரண்டு கிராம்கூட இல்லை, ஆனால் அம்பு மாதிரி நேராகப் போகும். சக்தி ஆயிரம் ஜூல் அதிகம்! இதையே கட்டுரையாக எழுதிப் பள்ளி அறிவியல் போட்டிக்கும் அனுப்பிவிட்டேன்.

இறைச்சிக் கொட்டகையில் அப்பா அட்டவணையை வாசித்தபோது உன் அப்பா கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்:

"பழசு தள்ளும் ஐயா. அந்தப் புதுசு கத்தத்தான் கத்தும். தள்ளுறதையே வாங்குங்க."

"எலிஃபாஸ், உனக்கு ஜூல்னா என்னன்னு தெரியுமா?"

"எனக்குத் தெரியாது ஐயா. ஓரிக்ஸ் மானுக்குத் தெரியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனாலும் அப்பா எட்டு-அறுபத்தெட்டுக்கே எழுதிப் போட்டுவிட்டார். என் பேச்சை அப்பா கேட்டது இதுதான் முதல் தடவை, அமாலியா.

உன் அன்புத் தோழி,
வீப்கே

*

கோரிக்சாஸ், மாணவியர் விடுதி
31 மே 1996

அடியே வீப்கே,

உன் கடிதம் வர இரண்டு வாரம் ஆயிற்று. கழுதை வண்டியில் போட்டாயா? இங்கே சோளக்களியைத் தட்டைக் கவிழ்த்தாலும் விழாத பதத்தில் கிண்டுகிறார்கள். நீ கொடுத்தனுப்பிய உப்புக்கண்டத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். அறையில் எல்லோரும் என் தலையணைக்கு ரொம்ப மரியாதை கொடுக்கிறார்கள்.

போன சனிக்கிழமை ஆட்டு லாரியில் அப்பா என்னைப் பார்க்க வந்தார். வழக்கமாக வந்தால் வம்பளப்பார். இந்த முறை வந்து சேர்ந்த அந்தப் புதுத் துப்பாக்கியைப் பற்றியே பேசினார். வெட்டுகிற ஒவ்வொரு மிருகத்திலிருந்தும் குண்டைத் தோண்டிப் புகையிலை டப்பாவில் போட்டு வைப்பாரே, உனக்குத் தெரியும். பழைய குண்டெல்லாம் காளான் மாதிரி முழுசாக வரும். புதியது நொய்யரிசி மாதிரி வருகிறதாம். "தோள் எலும்புல பட்டதும் பொடிஞ்சிடுது பாப்பா. தூரத்துல சுட்டா பரவால்ல. நம்ம முள்ளுக்காட்டுல எல்லாம் அம்பது, அறுபது தப்படியில சுடறதுதானே" என்றார். டப்பாவை உன்னிடம் கொடுத்திருப்பதாகவும் சொன்னார்.

உன் அப்பா வெடிமருந்து நிறுக்கும் தராசில் அவற்றை நிறுத்துப் பார், வீப்கே. என்ன வருகிறதோ அதை உன் அப்பாவிடம் காட்டு. என் அப்பா சொன்னால் அவர் சிரிப்பார். நீ தாளில் எழுதிக் கொடுத்தால் நம்புவார். அடிபட்ட மிருகத்தின் தடம் பார்த்து முன்னால் நடப்பது உன் அப்பா இல்லை. என் அப்பா. கையில் ஒரு குச்சியோடு.

மறக்காதே.
அமாலியா

*

ஷ்டைன்ஃபெல்ட்
16 ஜூன் 1996

அன்புள்ள அமாலியா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். களியைப் பற்றி எழுதியதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன், கண்ணில் நீர் வரச் சிரித்தார். இந்தக் கடிதத்துடன் இன்னும் கொஞ்சம் உப்புக்கண்டம் அனுப்புகிறேன்.

என் கட்டுரை இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருக்கிறது! ஜூலை ஐந்தாம் தேதி விண்ட்ஹூக்கில் மேடையில் வாசிக்க வேண்டும். அம்மா எனக்கு நீலக் கவுன் தைக்கிறார்.

உன் அப்பா நலம். டப்பாவை இன்னும் திறக்கவில்லை, படிப்பு வேலை அதிகம். விரைவில் பார்க்கிறேன்.

உன் ஆட்டுக்குட்டி நேற்று அம்மாவின் காலுறையைத் தின்றுவிட்டது.

அன்புடன்,
வீப்கே

*

கோரிக்சாஸ்
2 ஆகஸ்ட் 1996

வீப்கே,

என் அப்பாவின் அடக்கத்தன்று நீ சவக்குழிக்கு எதிர்ப்பக்கம் நின்றாய். என்னைப் பார்த்தாய், பக்கத்தில் வரவில்லை. நானும் வரவில்லை.

காவல் நிலையத்துக் காகிதத்தை எங்கள் ஆசிரியர் என் அம்மாவுக்கு வாசித்துச் சொன்னார். 'முதலாளி நிற்கச் சொல்லியும் கேளாமல் தானாக முன்னே சென்றார்' என்று அதில் இருக்கிறது. அம்மா அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். இருபத்தோரு வருடம் தடம் பார்த்த மனிதர், அடிபட்ட ஓரிக்ஸிடம் சொன்ன பேச்சு கேட்காமல் போவாரா என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிறாள். அவர் குடித்திருப்பார் என்று என் சித்தப்பாவே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நீ அங்கே இருந்தாய். எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுவேன் என்று சொன்னவளும் நீதான்.

எழுது.

அமாலியா

*

ஷ்டைன்ஃபெல்ட்
11 ஆகஸ்ட் 1996

அமாலியா,

எழுதுகிறேன்.

டப்பாவை நான் ஜூன் ஒன்பதாம் தேதியே திறந்தேன். அப்பா பக்கத்துப் பண்ணைக்குப் போயிருந்தார். பழைய குண்டுகள் பதினொன்று இருந்தன. மிகக் குறைந்தது பதினைந்து கிராம். புதிய துப்பாக்கியின் துண்டுகளை உன் அப்பா தனியாகத் துணியில் முடிந்து வைத்திருந்தார், மிருகத்துக்கு ஒரு முடிச்சாக மூன்று. இரண்டரை கிராம், மூன்று, இரண்டு. தராசு பழுதோ என்று மறுபடியும் நிறுத்தேன். தராசில் பழுதில்லை. என் அட்டவணையில் வேகம் இருந்தது, சக்தி இருந்தது, எலும்பு இல்லை.

தாளில் எழுதினேன். பிறகு அதை மடித்து அகராதிக்குள் வைத்தேன். அப்பாவிடம் காட்டினால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும். ஜூலை ஐந்து முடியட்டும், அன்று மாலையே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து உனக்கு எழுதியபோது 'இன்னும் திறக்கவில்லை' என்றேன். அது பொய். விண்ட்ஹூக்கில் இரண்டாம் பரிசு கிடைத்தது. அன்று மாலை அப்பா எனக்குப் பனிக்கூழ் வாங்கிக் கொடுத்து, பார்த்தவர்களிடமெல்லாம் "என் பொண்ணு" என்றார். அன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை.

ஜூலை பதினெட்டு. விருந்தாளி ஆஸ்திரியாவிலிருந்து வந்த பல் வைத்தியர். தூரநோக்கியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். ஓரிக்ஸ் பக்கவாட்டில் நின்றது. அவர் புதுத் துப்பாக்கியால் சுட்டார். அது ஓடிவிட்டது. உன் அப்பா அது நின்ற இடம் வரை எண்ணிக்கொண்டே நடந்து, ரத்தத்தைத் தொட்டுப் பார்த்தார். "தோள்லதான் பட்டிருக்கு. ஆனா ஆழமா போகல" என்றார்.

மூன்று மணி நேரம் தடம் பார்த்தோம். பல் வைத்தியரின் குதிகால் கொப்புளம் உடைந்து, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். உன் அப்பா ஒருமுறை திரும்பி, "பல்லு புடுங்கறப்ப நாங்களும் அதத்தானே கேப்போம், டாக்டர்?" என்றார். டாக்டரும் சிரித்துவிட்டார்.

பிறகு ஒரு முள்புதர். உள்ளே ஏதோ சாம்பல் நிறமாகத் தெரிந்தது. உன் அப்பா நின்றுவிட்டார்.

"ஐயா, கொஞ்சம் பொறுக்கலாம். மூச்சு இருக்கற மாதிரி தெரியுது."

அப்பாவுக்குச் சலிப்பு. விருந்தாளியின் முன்னால் வேறு. "போ எலிஃபாஸ், செத்துக் கிடக்கும். இவ்வளவு வேகத்துல தோள்ல வாங்கிட்டு எது உயிரோட இருக்கும்? பொண்ணு போட்ட கணக்கு தப்பாது."

"பாப்பா கணக்கு அதுக்கும் தெரிஞ்சிருக்கணுமே ஐயா" என்று சொல்லிவிட்டு உன் அப்பா என்னைப் பார்த்தார். டப்பா என்னிடம் இருப்பது அவருக்குத் தெரியும். நான் நிறுத்திருப்பேன் என்பதும் தெரிந்திருக்கும். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவர் காத்திருந்ததாக எனக்குப் பட்டது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நான் தூரநோக்கியின் வாரைச் சரிசெய்தேன்.

அவர் முன்னே போனார். அது எழுந்திருக்கக்கூட இல்லை, தலையை மட்டும் ஒருமுறை வீசியது. கொம்பு விலாவுக்குக் கீழே ஏறியது. அப்பா இரண்டு முறை சுட்டார். ஊர் மருத்துவமனை எண்பது கிலோமீட்டர். பாதி வழியில், சரளைச் சாலையில், வண்டியின் பின்தட்டில், உன் அப்பாவின் தலை என் மடியில் இருந்தபோதே மூச்சு நின்றது. கடைசியாக அவர் எதுவும் சொல்லவில்லை. சொன்னார் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் சொல்லவில்லை.

அவர் குடித்திருக்கவில்லை. காலையில் எங்களோடுதான் காப்பி குடித்தார். நிற்கச் சொன்னவர் அவர். போகச் சொன்னவர் என் அப்பா. என் அப்பா அப்படிச் சொன்னது என்னால்.

மறுநாள் அந்த ஓரிக்ஸின் தோளை நானே அறுத்துப் பார்த்தேன். குறி சரியான இடம். எலும்பில் மாதுளம்பழ அளவு குழி, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. கிடைத்தது ஒன்று புள்ளி ஒன்பது கிராம்.

இதையெல்லாம் வாக்குமூலமாக இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று இதனுடன் இருக்கிறது, உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. மற்றதை நாளை பள்ளிப் பேருந்து ஊரில் நிற்கும்போது காவல் நிலையத்தில் கொடுப்பேன். டப்பா உங்களுடையது. காவலர்கள் பார்த்த பிறகு அது உன்னிடம் வந்து சேரும்.

இன்று இரவுச் சாப்பாட்டின்போது வாக்குமூலத்தை அப்பாவுக்கு வாசித்தேன். அம்மா எழுந்து போய்விட்டார்.

"இதக் கொடுத்தா என் வேட்டை லைசென்ஸ் போயிடும். தெரியும்ல?" என்றார் அப்பா.

"தெரியும்பா."

"பண்ணையும் நிக்காது."

"தெரியும்பா."

அவர் தாளை வாங்கினார். கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். 'எழுபது தப்படி' என்று நான் எழுதியிருந்த இடத்தை அடித்துவிட்டு 'அறுபத்து நான்கு' என்று எழுதினார்.

"அறுபத்து நாலு. எலிஃபாஸ் எண்ணிச் சொன்னான்" என்றார். கீழே கையெழுத்தும் போட்டார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

உன் பிரதியிலும் அந்த எண்ணைத் திருத்திவிட்டேன்.

பதில் எழுது என்று கேட்க எனக்கு உரிமையில்லை. ஆட்டுக்குட்டியை லாரியில் அனுப்பட்டுமா, இங்கேயே வைத்திருக்கட்டுமா என்பதை மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்பு.

அப்பா இரவுக்கு மின்சார எஞ்சினை நிறுத்தக் கொட்டகைக்குப் போகிறார், செருப்புச் சத்தம் கேட்கிறது. மற்ற நாட்களில், "முடிச்சிட்டியா பாப்பா?" என்று ஜன்னல் வழியே கேட்டுவிட்டுத்தான் போவார். இன்று கேட்கவில்லை.

வீப்கே

விளக்குகளை அணைத்துவிட்டார்.