கைனக் இல்லையாம், கைனேஸாம்

அன்பு மகள் வர்ஷினிக்கு,

காரமடை ரங்கநாதர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை, ஜெர்மனியில் உன்னோடு மூன்று மாதம் இருந்துவிட்டு வந்த உன் மாமியார் எல்லாம் சொல்லிவிட்டார். போனில் பேசினால் அழுதுபோடுவேன் என்றுதான் எழுதுகிறேன் கண்ணு.

போன ஞாயிறு பாலகோபால் மாமா வீட்டுக் கல்யாணம். பந்தியில், மாசமாக இருக்கிற பக்கத்து வீட்டு சைத்ரா, நான் அனுப்பின வயித்து ஸ்கேனை வர்ஷினியக்கா பாத்தாங்களாங்க என்று கேட்டாள். பார்ப்பாள் அம்மணி, அவள் பெண்களுக்கான கைனக் மருந்துதானே கண்டுபிடிக்கிறாள் என்றேன். எதிர் இலையில் இருந்த உன் மாமியார் சிரித்துக்கொண்டே, அது கைனக் இல்லீங்க சம்பந்தி, கைனேஸுங்க என்றார். அத்தனை பேர் முன்னால்! இரண்டு வருஷமாக ஊரெல்லாம் கைனக் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ரசம்கூட வாங்காமல் எழுந்துவிட்டேன். அவரோ கை கழுவுகிற இடம்வரை வந்து விளக்குகிறார். சில செல் சாகும்போது சும்மா சாகாதாம், வெடித்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் வீக்கத்தைக் கிளப்பிவிட்டுத்தான் சாகுமாம். அப்படி வெடிக்கச் சொல்லி உத்தரவு போடுவது கைனேஸ் என்கிற ஒரு புரதமாம், அதே சாயலில் உடம்பில் ஐந்நூறு இருக்கிறதாம், மற்றதைத் தொடாமல் அந்த ஒன்றை மட்டும் அடக்குகிற மருந்துக்கு நீ வடிவம் போடுகிறாயாம். அட சாமி, எனக்கு அத்தனையும் புரிந்தது. நான் கேட்டபோது மட்டும், உனக்குப் புரியாதும்மா விடு என்றாயே?

அதோடு விட்டாரா? எட்டு மாதம் பாடுபட்ட மருந்து வேறொரு கைனேஸையும் சேர்த்து அடக்கிவிட்டது, வீணாகிவிட்டது என்று மாசி மாதம் அவர் மடியில் படுத்து அழுதாயாமே. அன்றைக்கு என்னிடம் போனில், சாப்பிட்டேன்மா, நல்லா இருக்கேன்மா என்றாய். நானும் நம்பி, மாடு கன்று போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் நல்லவர்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது என் மடியல்லவா? உனக்கு என்ன பொறாமையா என்று அப்பா கேட்கிறார். ஆமாம், பொறாமைதான், வயிறு எரிகிறது.

கொள்ளுப்பொடியும் அரப்பும் அனுப்பியிருக்கிறேன். உன் மாமியார் வைத்துவிட்டு வந்த பொடி தீரட்டும் என்று காத்திருக்காதே, என்னுடையதை முதலில் தின்னு. வாரம் ஒருநாள் தலைக்கு அரப்புத் தேய்த்துக் குளி, குளிர் என்று சாக்குச் சொல்லாதே. மாப்பிள்ளையும் நீயும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்கவேண்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. அடுத்த மருந்து ஜெயித்தால் முதலில் உன் மாமியாருக்கே போன் பண்ணிச் சொல்லு, நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். தோற்றால் முதலில் எனக்குச் சொல்லு.

உன்னைப் பெற்றவள்,
சாந்தாமணி