ஒன்றையொன்று முறைத்த முன்சக்கரங்கள்

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நாற்றுப் பண்ணையும் சௌக்கியம், பிக்கப் வண்டி மட்டும் போன வாரம்தான் படுக்கையிலிருந்து எழுந்தது. அங்கே நீ, மாப்பிள்ளை, குட்டி மூன்று பேரும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொள்கிறார், நாம் பேசி முடிக்கும்வரை ஒரு பக்கம்கூடத் திருப்புவதில்லை. நீங்களும் பேசுங்களேன் என்று போனை நீட்டினால் மட்டும் தொட்டியில் தண்ணீர் வழிகிறது என்று எழுந்து ஓடிவிடுவார். அவரைப் பற்றிய கதையை அவர் காதுபடவே எப்படிச் சொல்வது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், மடியில் நாற்றுத் தட்டு இருக்கிறது.

லீவுக்கு வரும்போது மேட்டுக்குக் கீழே மாமா வீட்டிலேயே தங்கிக்கொள்கிறேன், அப்பாவுக்கு எதற்குச் சங்கடம், நீ கீழே இறங்கி வந்து குட்டியைப் பார்த்துவிட்டுப் போ என்று செய்தி அனுப்பியிருந்தாயே, அதைப் படித்து எனக்கு வயிறு எரிந்துவிட்டது. பெற்ற வீடு இங்கே இருக்க, பெண் வந்து என் தம்பி வீட்டில் தங்குவாளாம், நான் விருந்தாளி மாதிரி போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு வர வேண்டுமாம். கோபத்தில் அதை அப்பாவுக்குச் சத்தமாகவே படித்துக் காட்டினேன். நகம் வெட்டிக்கொண்டிருந்தவர் வெட்டின விரலையே மறுபடியும் வெட்டப் போனார். மறுநாள் காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பிக்கப்புக்குப் பெரிய வண்டியோட முன் ஆக்சிலைப் போடணும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

விஷயம் என்னவென்றால், மழையில் நம் மேட்டுப் பாதையில் ஓடை குறுக்கே வரும் இடத்தில் கல்லெல்லாம் பெயர்ந்து கிடந்தது, அதில் இறங்கியபோது வண்டியின் முன்சக்கரம் இரண்டையும் தாங்குகிற ஆக்சில் வளைந்துவிட்டது. ஓட்டியது நான்தான், ஆனால் தப்பு கல்லின் மேல். அன்றிலிருந்து வண்டி கொட்டகைக்கு முன்னால் மூக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது, நாற்றெல்லாம் பால் வண்டிக்காரர் தயவில் டவுனுக்குப் போனது. வாடகைக் கார்க்காரர்கள் மேட்டடியிலேயே இறங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார்கள், உனக்குத்தான் தெரியுமே, குழந்தையும் பெட்டியுமாக மேலே வர வேண்டுமென்றால் இந்த வண்டியை விட்டால் நாதி கிடையாது. பழைய ஆக்சிலையே நிமிர்த்தி மாட்டினால் போதாதா என்று கேட்டேன். வளைஞ்ச ஆக்சிலை நம்பி யாரை ஏத்திட்டு வர்றது என்று எரிந்து விழுந்தார். யாரை ஏற்றப் போகிறார் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அன்றைக்கே ஸ்பானரைக் கீழே போட்டிருப்பார். உன் அப்பா மன்னிப்பு கேட்கிற ஜாதி இல்லை, ஆக்சில் மாற்றுகிற ஜாதி.

இனிமேல்தான் வேடிக்கை. அப்படிப்பட்ட கனத்த ஆக்சில் எங்கே கிடைக்கும், பழைய லாரி உடைக்கிற இடத்தில். அதைக் கொண்டுவந்து வெட்டி ஒட்டி நம் வண்டிக்குப் பொருத்துகிற வெல்டர் யார், உன் மாமா. அப்பாவிடம் சொல்லாமல் நீ ஊரைவிட்டுப் போன அன்று இதே வண்டியில் உன்னை ஏற்றிக்கொண்டு போனவன் அவன் என்று அன்றிலிருந்து உன் அப்பா அவன் முகத்தில் விழிப்பதில்லை, இவர் பேசாவிட்டால் எனக்கென்ன என்று அவனும் பேசுவதில்லை. இப்போது அப்பா என்னிடம் வந்து, உன் தம்பியைக் கேட்டுப் பாரு, நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதே என்றார். அவனிடம் போனால் அவன், அத்தானுக்காக வரலைக்கா, வண்டிக்காகத்தான் வர்றேன் என்றான். சரி, வண்டிக்காகவே வா, சாப்பாடு மட்டும் உனக்குப் போடுகிறேன் என்று கூட்டி வந்தேன்.

கொட்டகைக்கு முன்னால் வண்டியை ஜாக்கியில் தூக்கி, சட்டத்துக்கு அடியில் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அடியில் படுத்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு கை தூரம்தான் இருக்கும். உன் தம்பியை அந்த யூ போல்ட்டைப் பிடிக்கச் சொல்லு என்று இந்தப் பக்கமிருந்து ஒரு குரல், அத்தானை முதல்ல கையை எடுக்கச் சொல்லுக்கா என்று அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். நான் நாற்றுக்கு மண் அள்ளிக்கொண்டிருந்த கையோடு ஓடிவந்து குனிந்து இதை அவனுக்கும் அதை இவருக்கும் சொல்லிவிட்டுப் போவேன், மண்வெட்டியைத் தொடுவதற்குள் அடுத்த குரல் வரும். இடுப்பு போயிற்று எனக்கு. ஒரு தடவை உன் அப்பாவுக்குக் கண்ணில் துரு விழுந்துவிட்டது, மாமா தன் துண்டை நனைத்து என்னிடம் கொடுத்து அவரிடம் கொடுக்கச் சொன்னான், அவர் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் என்னிடம் கொடுத்து அவனிடம் கொடுக்கச் சொன்னார். எதிர்வீட்டு டெய்லர் தையலை விட்டுவிட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

ஆனால் வேலை என்று வந்தால் இரண்டு பேரையும் குறை சொல்ல முடியாது. புது ஆக்சில் அகலம் கூடுதல், நம் வண்டியின் ஸ்பிரிங் பட்டைகள் அதில் வந்து உட்கார வேண்டிய இடமே வேறாக இருந்தது, மாமா அந்த இடங்களை வெட்டி எடுத்துத் தள்ளி வைத்து வெல்டிங் பண்ணினான், கோடு போட்டமாதிரி இருந்தது. அப்பா பிரேக் குழாயை நீட்டி, ஸ்டீயரிங் ராடையும் சரிக்கட்டினார். முடித்துச் சக்கரம் மாட்டும்போதுதான் பார்த்தால் முன்சக்கரத்துக்கு எட்டு நட்டு, பின்சக்கரத்துக்கு ஆறு. அப்படியென்றால் ஸ்டெப்னி எதற்குப் பொருந்தும் என்று கேட்டேன். இப்போது நம் வண்டிக்கு முன்னுக்கு ஒரு ஸ்டெப்னி, பின்னுக்கு ஒரு ஸ்டெப்னி.

கடைசியில் சக்கரம் நேராகப் பார்க்கிறதா என்று அளக்க டெய்லரிடம் டேப்பை வாங்கி வந்தார்கள். அப்பா ஒரு முனை, மாமா ஒரு முனை, எண்ணை வாசித்தது நான். முன்சக்கரம் இரண்டுக்கும் நடுவே முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிட இரண்டு விரல் அதிகமாக இருந்தது, அதாவது சக்கரம் இரண்டும் ஆளுக்கொரு திக்கைப் பார்த்துக்கொண்டிருந்தன, நம் வீட்டு ஆண்களைப் போலவே. இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற ராடைக் கொஞ்சம் திருகினால் சரியாகிவிடும் என்று இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். அதற்குள் பால் வண்டி வந்துவிட்டது. நான் வரும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு நாற்றுத் தட்டோடு டவுனுக்குப் போனேன். இந்த வீட்டில் என் பேச்சுக்கு என்ன மரியாதை என்று உனக்கே தெரியும்.

மறுநாள் காலை வெள்ளோட்டம். நான்தான் ஸ்டீயரிங்கில். முன்சீட்டில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம், ஆனால் தோள் உரசுமே, அதனால் இரண்டு பேரும் பின்னால் சாமான் ஏற்றுகிற தொட்டியில் ஏறி ஆளுக்கொரு மூலையில் நின்றுகொண்டார்கள். வண்டி தெருவில் இறங்கியதும் ஒரு கிறீச்சல் பார், டெய்லர் காதைப் பொத்திக்கொண்டார். ஸ்டீயரிங் கல்லாட்டம் கனக்கிறது, டயர் தேய்கிற நாற்றம் வேறு. பாதி மேட்டில் நிறுத்திவிட்டு இறங்கி முன்னால் போய்ப் பார்த்தால், சக்கரம் இரண்டும் மூக்கை உள்ளே திருப்பி ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவர்கள் இரண்டு பேரும் குதித்து வந்து மண்டியிட்டார்கள். அப்பா என்னைப் பார்த்து, உன் தம்பிகிட்ட சொல்லு, நான் நேத்து மத்தியானமே சரியா திருகி வச்சேன் என்றார். மாமா என்னைப் பார்த்து, என்னக்கா சொல்றாரு, நான்ல சாயங்காலம் அவர் தூங்கும்போது திருகி வச்சேன் என்றான். நானில்லாத நேரத்தில் சேதி சொல்ல ஆளில்லாமல், ஒரே அளவை நம்பி ஒரே ராடை இரண்டு பேரும் தலா ஒரு தடவை திருகியிருக்கிறார்கள்.

அப்போதும் இரண்டு பேரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். நான் ஓரமாக இருந்த கல்லில் உட்கார்ந்து, எனக்கு வாய் வலிக்கிறது, இனிமேல் ஒரு சொல்கூடச் சுமக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் உன் அப்பா, டேய், என்னைக் கேட்டுட்டுத் திருகியிருக்கலாம்லடா என்று கத்தினார். அந்த டேயைக் கேட்டதும் மாமாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டுமே, தலை நரைத்தவன், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினவன் மாதிரி நின்றான். ஆனாலும் விடவில்லை, நீங்க பேசியிருந்தா நான் கேட்டிருப்பேன் அத்தான் என்று திருப்பிக் கத்தினான். அன்னைக்கும் கேட்காமத்தானே என் பொண்ணைக் கூட்டிட்டுப் போனே என்றார் இவர். கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா என்றான் அவன். அப்பா ராடைப் பிடித்தபடியே இருந்தார். விட்டிருக்க மாட்டேன்டா, ஆனா அவ பெட்டியையாவது நான் தூக்கி வச்சிருப்பேன்ல என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மேட்டில் தூசி அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அப்புறம் சண்டை போட்டுக்கொண்டே இரண்டு பேரும் சேர்ந்து ராடைத் திருகினார்கள், நீ கால் சுற்று, நான் கால் சுற்று என்று. வண்டி மீதி மேட்டை இறங்கி, திரும்ப மேலே முனகல் இல்லாமல் ஏறிற்று, ஓடைக் கல்லைக்கூட மதிக்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேரும் வாயை மூடுவதில்லை. மாமா தினமும் சாயங்காலம் வந்துவிடுகிறான், டயர் காற்றிலிருந்து வெள்ளரி நாற்று வரைக்கும் எதைப் பற்றியும் வாக்குவாதம், பேசாமல் இருந்தபோது வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது என்று எனக்கே ஏக்கமாக இருக்கிறது.

இப்போது நடக்கிற சண்டை என்னவென்றால், பெரிய ஆக்சிலும் பெரிய டயருமாக வண்டி உயர்ந்துவிட்டது, ஏறுவதற்குக் கதவுக்குக் கீழே ஒரு படி வைக்க வேண்டும். குட்டி தானாகவே ஏற வேண்டுமாம், யாரும் தூக்கி வைக்கக் கூடாதாம், இது உன் அப்பாவின் உத்தரவு. படி இங்கே இருக்கட்டும் என்று அவர் ஓர் உயரம் காட்டினார், அவ அவ்வளவு குள்ளமில்லை அத்தான், வீடியோவில பார்த்தேனே என்று மாமா கொஞ்சம் மேலே காட்டினான். அவனுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்று உன் அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. அன்றைக்கு முழுக்க அவர் எதற்கும் வாக்குவாதம் செய்யவில்லை, அதைப் பார்க்கத்தான் எனக்குச் சகிக்கவில்லை.

நீ எங்கே தங்குவது என்று இனி யோசிக்காதே. உன் அறையைத் துடைத்துவிட்டேன், அதிலிருந்த விதை மூட்டையெல்லாம் கொட்டகைக்குப் போயாயிற்று. அழைத்துவர நான்தான் ஓட்டுவேன், முன்சீட்டில் நீயும் குட்டியும், வந்தால் மாப்பிள்ளையும். யார் உன் பக்கத்தில் உட்காருவது என்று அவர்கள் இரண்டு பேரும் இப்போதே அடித்துக்கொள்கிறார்கள், இருவரையும் பெட்டிகளோடு பெட்டியாகப் பின்னால் ஏற்றிவிடுவேன். கனமான பெட்டியை நீ தூக்காதே, இங்கே அதற்கென்று காத்திருக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். பயணத்தில் குட்டிக்குக் காதில் பஞ்சு வை, வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நேற்றுக் காலை உன் அப்பா நான் தனியாக இருக்கிற நேரம் பார்த்து நாற்றுப் பந்தலுக்கு வந்து, தரையிலேர்ந்து குட்டியோட முழங்கால் எவ்வளவு உயரம்னு எழுதிக் கேளு என்றார். அவள் பிறந்ததிலிருந்து அவளைப் பற்றி அவர் கேட்கிற முதல் கேள்வி இது. செருப்பு போடாமல் நிற்க வைத்து, அரை விரல்கூடப் பிசகாமல் அளந்து உடனே எழுது. எனக்கு மட்டும் எழுது, மாமாவுக்கும் தனியாக எழுதினாயானால் கதவுக்கு இரண்டு படி வந்துவிடும்.

உன் அம்மா