பின்பக்கத்துப் பென்சில் எழுத்து

சே. ம. சூ.

மொன்றியல்,
21 பெப்ரவரி 1987, சனிக்கிழமை.

அன்புள்ள மகன் வலன்ரைனுக்கு,

ஆண்டவருடைய தயவால் நானும் உன் அக்கா கிறேசும் அவளுடைய வீட்டுக்காரரும் தேக சுகத்தோடு இருக்கிறோம். உனக்கும் அந்தச் சுகத்தைக் குறைவில்லாமல் தரும்படி காலைச் செபத்தில் உன் பெயரைச் சொல்லியே கேட்கிறேன். இன்று அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. கடந்த செவ்வாய்க்கிழமை உனக்கு ஒரு கடிதம் போட்டேன். நீல நிற உறை, மூன்று தாள். இந்தக் கடிதம் முந்தி வந்தால் அதை உடைக்காமல் அப்படியே எனக்குத் திருப்பி அனுப்பு. அது முந்தி வந்து நீ வாசித்தும் விட்டாய் என்றால் யோகமலரின் கண்ணில் படாத இடத்தில் வை. ஏன் என்று கீழே எழுதுகிறேன். எனக்கு எதையும் வரிசையாகச் சொன்னால்தான் சொல்ல வரும், ஆகவே பொறுமையாக வாசி.

திருகோணமலையில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளியிருந்த கச்சேரியில் கிளாக்கராயிருந்த சிவானந்தத்தாரின் மகள் யோகமலரை, ஒரு சைவப் பிள்ளையை, ஞானஸ்நானம் இல்லாமல் வருகிற மே மாதம் கலியாணம் செய்யப்போகிறேன் என்று நீ நத்தாருக்கு எழுதினாய். இதைப் பற்றி இனி எனக்கு எழுத வேண்டாம் என்று ஒரே வரியில் பதில் போட்டேன். அதற்கு நீ தை மாதம் எழுதியதில், யோகமலர் உங்கள் விசாரிப்புக்கு நன்றி சொல்லச் சொன்னாள், உங்களுடைய முழங்கால் நோவுக்கு ஒற்றடம் பிடிக்கிறீர்களா என்று கேட்டாள் என்று இருந்தது. நான் அந்தப் பிள்ளையை விசாரித்ததே இல்லை. நீ என்னைக் கேலி செய்கிறாயோ, அவள்தான் குத்திக் காட்டுகிறாளோ என்று யோசித்து யோசித்து, அந்தக் கோபத்தில்தான் நீல உறைக் கடிதத்தை எழுதினேன். உன் அப்பா உயிரோடிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதில் தொடங்கி, ஞானஸ்நானம் பெறாமல் அந்தப் பிள்ளை என் வீட்டுப் படி மிதிக்கக் கூடாது என்பதில் முடித்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினேன். போட்டுவிட்டு வந்து நன்றாக நித்திரையும் கொண்டேன், அதையும் ஒளிக்கவில்லை.

கீழ்வீட்டில் இருக்கும் எங்கள் வீட்டுச் சொந்தக்காரி மடாம் றிவாரைப் பற்றி முன்னரே எழுதியிருக்கிறேன். எழுபது வயது, பூசைக்குத் தவறாதவர், பிரெஞ்சு தவிர வேறு பாஷை ஒரு சொல்லும் தெரியாது. அவர்களுடைய பங்குக் கோயிலுக்கு நூறு வருஷம் நிறைகிறதாம், வீட்டில் பழைய கடுதாசிகள் இருந்தால் கொண்டு வரும்படி சுவாமியார் கேட்டிருக்கிறார். வியாழக்கிழமை பின்னேரம் மடாம் எங்களைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டு, குசினி மேசையில் ஒரு பிஸ்கற் தகரத்தைத் திறந்தார். உள்ளே கறுப்பு நாடாவால் கட்டிய கடிதங்கள், இருபதுக்கு மேல் இருக்கும், எல்லாம் 1872க்கும் 1879க்கும் இடையில் எழுதியவை. அவருடைய தகப்பனாரின் அப்பம்மா அதெலின் என்பவர், அமெரிக்காவில் துணி ஆலையில் வேலைக்குப் போன தன் மகன் நார்சீசுக்கு எழுதியவை. மடாம் வாசிக்க வாசிக்க, பிரெஞ்சு வகுப்புக்குப் போகிற கிறேஸ் எனக்குத் தமிழில் சொன்னாள். வலன்ரைன், ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் சேசு மரி சூசையின் முதல் எழுத்துகள், நான் இப்போது போட்டிருப்பது போலவே! கன்னியர் மடத்தில் தங்கிப் படித்த காலத்தில் என் அம்மா எனக்கு எழுதியதும் இப்படித்தான். (நீ கடைசி மூன்று கடிதத்திலும் அதை விட்டுவிட்டாய், கவனித்தேன்.) அதன் பிறகு யார் யார் செத்தது, பசு கன்று போட்டது, வைக்கோல் நனைந்தது, தம்பியின் புதுநன்மை, பாஸ்குக் காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்தாயா, அங்கே எங்கள் பாஷையில் பிரசங்கம் உண்டா, கடவுளுக்குச் சித்தமானால் உன்னை வசந்தத்தில் பார்ப்பேன். நூறு வருஷத்துக்கு முந்திய வெள்ளைக்காரக் கமக்காரி ஒருத்தி என்னைப் போலவே மகனை அரித்தெடுத்திருக்கிறாளே என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, மேலும் கேட்க ஆசையும் வந்தது.

அப்போது எனக்கு ஒரு சந்தேகம். தாய் எழுதிய கடிதம் மகனுடைய வீட்டில் அல்லவா இருக்க வேண்டும், தாயின் வீட்டுக்கு எப்படித் திரும்பி வந்தது என்று கேட்டேன். கிறேஸ், அம்மா, நூறு வருசத்துக்கு முந்திச் செத்த ஆக்களிட்டையும் துருவித் துருவி விடுப்புக் கேக்கிறியளே என்றாள். மடாமிடம் அவள் அதைக் கேட்டதும், மடாம் சிரித்து, உன்ரை அம்மா பொலிஸ் வேலைக்குப் போயிருக்க வேணும் என்றாராம். பிறகு கதையைச் சொன்னார். நார்சீஸ் அங்கே ஹன்னா என்ற புரட்டஸ்தாந்துப் பெண்ணை மணந்தான். ஐந்து வருஷத்தில் காய்ச்சலில் செத்தான். ஹன்னா இரண்டு பிள்ளைகளோடும் இந்தக் கடிதக் கட்டோடும் பனிக்காலத்தில் மாமியார் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள், அந்த இரண்டு பிள்ளைகளில் மூத்தவர்தான் மடாமின் தகப்பன். அதெலின் கடிதம் போட்டு மருமகளைக் கூப்பிட்டார் என்பது அந்தக் குடும்பத்தில் பெருமையாகச் சொல்லும் கதை. ஆனால் மடாம் 1875ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றை எடுத்து வாசித்தபோது அவருடைய குரல் இறங்கிப் போயிற்று. அந்தப் பெண்ணின் பெயரை எனக்கு எழுதாதே, அவள் என் வாசற்படி மிதிக்கக் கூடாது. அதற்கு அடுத்த கடிதமும் அப்படியே. கூப்பிட்டு எழுதிய கடிதத்தைத் தேடிக் கட்டின் அடி மட்டும் போனோம், அப்படி ஒன்று இல்லை.

நான் சும்மா இருக்கவில்லை, தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் மங்கலான பென்சில் எழுத்து. அது சலவைத் துணிக் கணக்கு என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்தோம் என்றார் மடாம். அது ஆங்கிலம், மகன்! கன்னியர் மடத்து மதர்மார் அடித்துப் படிப்பித்த ஆங்கிலம் அன்றைக்குத்தான் இந்த ஊரில் எனக்கு உதவியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு யன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தேன், இப்படி இருந்தது. அம்மாவின் கடிதம், மார்ச் மாதம். அங்கே பனி ஆழமாம். என் இருமல் சுகமா என்று கேட்கிறார். பனி கரைந்ததும் இருவரையும் வரச் சொல்கிறார். முன்பக்கத்தில் வாசற்படி மிதிக்காதே என்று இருக்கிறது, பின்பக்கத்தில் இப்படி இருக்கிறது. மற்றத் தாள்களையும் திருப்பினோம், எல்லாவற்றிலும் அதே கை. ஹன்னாவுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. நார்சீஸ் தாயின் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அதில் இல்லாததை எல்லாம் வாசித்துக் காட்டியிருக்கிறான். அவள் அதை மறக்காமல் இருக்கப் பின்னால் குறித்து வைத்திருக்கிறாள். புருஷன் செத்ததும் அந்த அழைப்பை நம்பித்தான் புறப்பட்டு வந்திருக்கிறாள்.

மடாம் தாள்களை அடுக்கி நாடாவைத் திரும்பக் கட்டினார். பிறகு சொன்னார், என் அப்பம்மா ஹன்னாவை எனக்குப் பதின்மூன்று வயது மட்டும் தெரியும், மாமியார் என்னைக் கடிதம் போட்டு எடுப்பித்தவர் என்று சாகும் வரையும் சொல்லிக்கொண்டிருந்தார் என்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைப் பனிவண்டியில் கோயிலுக்குக் கொண்டு வந்து விட்டுவிட்டு, வெளியே குதிரைக்குப் பக்கத்தில் இருந்து தன்னுடைய வேதபுத்தகத்தை வாசிப்பாராம். கடைசி வரை எங்கள் வேதத்துக்கு மாறவில்லை. அவருடைய பேரப்பிள்ளைகளில் ஒருவர் சுவாமியார், இருவர் கன்னியர். நான் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தினேன். என்னை அன்று முதல் பிடித்து ஆட்டுகிற கேள்வி வேறு. அந்த அந்நியப் பெண் வாசலில் நின்று, நீங்கள் கூப்பிட்டீர்களே என்று தன்னுடைய கடிதக் கட்டையே நீட்டியபோது, அதெலினுக்கு மனதில் என்ன ஓடியிருக்கும்? நான் அப்படி எழுதவில்லை என்று அவர் சொன்னதாக அந்தக் குடும்பத்தில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. முதலில் சூப் ஊற்றிக் கொடுத்தார் என்று மட்டும்தான் கதை.

மேலே ஏறி வரும்போதே எனக்கு உன் தை மாதக் கடிதம் நினைவுக்கு வந்துவிட்டது. சப்பாத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டு, இங்கே தெப்பானர் என்று சொல்கிற மூலைக்கடைக்குப் போனேன், தபாலும் அங்கேதான். நீல உறை, என் கையெழுத்து, திருப்பித் தருவீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். மடாம், உங்கடை கடிதம் இப்ப கடலுக்கு மேலே பறக்கும் என்று கையால் பறந்து காட்டினான் கடைக்காரன். கிறேஸ் ஒரு மணித்தியாலம் சிரித்தாள். பிறகு, உங்கடை வீட்டுப் படி எண்டு எழுதினியளே, அது மடாம் றிவாற்றை படி எல்லோ என்றும் கேட்டாள். வாயடக்கம் இல்லாத பிள்ளை, ஆனாலும் கேட்டது சரி.

என் விசுவாசத்தில் ஒரு மாற்றமும் இல்லை, அதைத் தெளிவாக விளங்கிக்கொள். உங்கள் கலியாணத்துக்குக் கோயிலின் அனுமதி எடுக்க வழி உண்டு, அங்கேயுள்ள சுவாமியாரிடம் போய்க் கேள். தபசுகாலம் தொடங்குகிறது, வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விடு. குளிருக்குக் கழுத்தை மூடு. ஆனால் எனக்கு நீ பதில் சொல்ல வேண்டிய கேள்விகளும் இருக்கின்றன. இதுவரைக்கும் என்னுடைய கடிதங்களில் என்ன எழுதியிருப்பதாக அந்தப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டினாய்? என் முழங்காலைப் பற்றி யார் அவளுக்குச் சொன்னது? வெள்ளிக்கிழமை அவளும் விரதமா? அகதியாக எல்லையைக் கடந்து அங்கே வந்த அன்று அவள் யாரைக் கும்பிட்டாள்? எனக்கு உண்மையாகவே அறிய ஆசை. ஹன்னாவுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாதது அந்த வீட்டுக்குக் கிடைத்த பெரிய கிருபை. யோகமலருக்குத் தமிழ் நன்றாக வாசிக்கத் தெரியும், அதுதான் என்னுடைய பயம்.

ஆகவே நீல உறையை மறக்காதே. திரும்பி வந்ததும் அதை நானே அடுப்பில் வைப்பேன். இத்துடன் நாலாக மடித்து ஒட்டிய ஒரு சிறு தாள் இருக்கிறது, மேலே யோகமலருக்கு என்று எழுதியிருக்கிறேன். அதை நீ உடைக்க வேண்டாம், வாசித்துக் காட்டவும் வேண்டாம். நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று இந்த முறை அவள் உனக்குச் சொல்லட்டும்.

தேவமாதாவின் அடைக்கலம் உங்கள் இருவருக்கும் கிடைப்பதாக. அடுத்த கடிதத்தின் தலையில் சே. ம. சூ. போட மறவாதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
மாக்கிரட் அருமைநாதன்.