ரிங்லெட்டின் தொண்டை

நவம்பர் 7, 1911

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மகள் ஹெஸ்டர் எழுதுகிறாள்.

இன்று முயல் வேட்டையில் எங்கள் பெண் நாய் ரிங்லெட்தான் முன்னால் ஓடியது. ஆனால் சத்தமே இல்லை. நாற்பத்தொரு வருஷமாகப் பீகிள் என்கிற மோப்ப நாய்களை வேட்டைக்கு ஓட்டுகிறேன். பீகிள் என்றாலே பழைய பிரெஞ்சில் திறந்த தொண்டை என்று அர்த்தமாம், பாதிரியார் சொன்னார். மோப்பம் பிடித்தும் குரல் கொடுக்காத நாய், மற்ற நாய்களையும் பின்னால் ஓடுகிற மனுஷரையும் திசை தெரியாமல் விட்டுவிடும். அதைக் கூட்டத்தில் வைப்பதில்லை. சுட்டுவிடுவோம்.

நவம்பர் 9

முதலாளி பெல்லமியிடம் நானே போய்ச் சொன்னேன். வேட்டையில் அவர் எப்போதும் அரை மைல் பின்னால்.

"என்னய்யா, அந்த வாயாடி ஊமையாயிட்டாளா? உன் காதை நம்பித்தான் இந்தக் கூட்டமே ஓடுது. சனிக்கிழமைக்குள்ள முடிச்சிடு."

நவம்பர் 10

ரிங்லெட் கஞ்சியை வழித்து நக்கிவிட்டு என் கையையும் நக்கியது. தொண்டையில் புண் இல்லை. இவள் வம்சத்தில் ஊமையே கிடையாது. 1889 பனியில் புதைந்துபோன இவள் கொள்ளுப்பாட்டி ப்ரிம்ரோஸைக் குரலை வைத்துத்தான் தோண்டி எடுத்தேன்.

வேலியில் ராபின் குருவியும் இந்த வருஷம் பாடவில்லை.

நவம்பர் 11, காலை

ரிங்லெட்டுக்குக் கடைசியாக ஒரு எலும்பு கொடுக்க ஹெஸ்டர் நாய்க் கொட்டடிக்கு வந்தாள். வந்ததும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"இவ கத்துற கத்துல மண்டை வெடிக்குது. இவளையாப்பா ஊமைங்கிற?"

பார்த்தேன். ரிங்லெட்டின் வாய் திறந்திருந்தது. வேலியில் ராபினின் அலகும் திறந்திருந்தது.

ரிங்லெட்டின் தொண்டையில் கைவைத்தேன். கைக்குக் கீழே அதிர்ந்தது.

ஐயோ, என் காதா? மத்ததுங்களோட கனத்த குரல் கேட்குதே — இவ கீச்சுக் குரல் மட்டுமா போச்சு? சொன்னா வேலை போகும். வீடு வேலையோட வந்தது. சொல்லலேன்னா? துப்பாக்கி சுவத்துல தொங்குது.

ஹெஸ்டர், இதை எழுதாதே.

எழுதிட்டேன்ப்பா.

நவம்பர் 11, மாலை

சொல்லிவிட்டேன்.

பெல்லமி தொப்பியைத் திருகினார். "எத்தனை நாளாய்யா செவிடன் பின்னால ஓடினோம்?" என்றார். மார்ச் வரை வீட்டில் இருக்கலாமாம்.

நவம்பர் 18

இன்று வேறு ஆள் கூட்டத்தை ஓட்டினான். நானும் ஹெஸ்டரும் மேட்டில் நின்றோம். கீழே எல்லாவற்றுக்கும் முன்னால் ரிங்லெட். அவள் குரல் கொடுக்கும்போதெல்லாம் ஹெஸ்டர் என் உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டினாள்.

கை இன்னும் சிவந்திருக்கிறது.