நாலாம் பெட்டின் நாற்காலி

ஆகஸ்ட் 14, வியாழன்

ஐ.சி.யூ. நாலாம் பெட்டில் இருக்கும் முடிச்சூர்ப் பெரியவருக்கு இடது இடுப்பில் சிவந்திருந்தது. அழுத்திப் பார்த்தேன், வெளுக்கவில்லை. படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. நேற்று அந்த அபாயத்தைக் கணிக்கும் படிவத்தில் மார்க் போட்டவள் நான்தான்; மார்க் குறைந்தால் அபாயம் அதிகம் என்று கணக்கு. 'தானாகவே புரள்கிறார்' என்று அசைவுக்கு முழு மார்க். மடச்சி! வலப்பக்கம் திருப்பிவிட்டால் பத்தே நிமிடத்தில் மறுபடி இடப்பக்கம் புரண்டுவிடுகிறார்.

மாலையில் அவர் மனைவி வந்து இடப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் காரணம் புரிந்தது.

"அம்மா, அந்தப் பக்கம் உக்காருங்களேன். நீங்க இருக்கிற பக்கமேதான் ஐயா திரும்புறாரு."

"இவரா? வூட்ல ஒரு நாள் திரும்பிப் பாத்ததில்ல இந்த மனுசன்!" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நாற்காலியை வலப்பக்கம் போட்டேன். குழாய்களோடு மெல்ல மெல்ல அவரும் அந்தப் பக்கம் திரும்பினார். அம்மா வீட்டுக்குப் போன பிறகும் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அசைவுக்கு மார்க்கைக் குறைத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டும்போது நாற்காலியையும் பக்கம் மாற்றவும் என்று நைட் டியூட்டி நர்ஸுக்கு எழுதிவைத்துவிட்டு வந்தேன்.

படித்துவிட்டுச் சிரித்திருப்பாள். மாற்றியும் இருப்பாள்.