மழைமானிக்கு அறுபது அடி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறாளா? நான் நலம்.

ஒரே நாட்டுக்குள் எப்படி இத்தனை வானிலை என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் வானிலை நிலையம் மலை முகட்டில் இருக்கிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குச் சரிவில் ஏறிக் குளிர்ந்து, மழையை அங்கேயே கொட்டிவிடுகிறது. கிழக்கே இறங்கும்போது அதில் ஈரமே இல்லை. அந்தப் பக்கம் புல்கூடக் கருகிக் கிடக்கிறது. கரையோரம் குளிர்ந்த நீரோட்டம் ஓடுவதால் கடல்மேல் மூடுபனி படியும். சில நாள் அது முகடுவரை ஏறிவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை மழைமானியைப் பார்க்கப் போனேன். அறுபது அடி தூரம்தான். திரும்பினால் கட்டடத்தைக் காணோம். நீட்டிய கையும் தெரியவில்லை. பள்ளம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம்தான், அப்பா.

சமையல்காரர் தட்டைத் தட்டிக்கொண்டே, "அசையாதம்மா, நான் வர்றேன்!" என்று கத்தினார். என் கையைப் பிடித்ததும், "இன்னும் நாலு அடி வச்சிருந்தா உன்னைக் கீழதான் தேடியிருக்கணும்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தைத் தாண்டிவிடுங்கள்.

நீங்கள் மைதானத்தில் பிள்ளைகளுக்கு ஊதும் விசில் ஒன்றும், நாற்பது முழம் தடித்த கயிறும் அனுப்புங்கள். இங்கே கேட்டால் பயந்தாங்கொள்ளி என்பார்கள்.

தபால் லாரி ஹாரன் அடிக்கிறது. இந்த வாரம் முழுக்கக் காலை முறை எனக்குத்தான். விசில் தாமதமானாலும் பரவாயில்லை, அப்பா. கயிற்றை முதலில் அனுப்புங்கள்.

உங்கள் மகள்